கடல்பாசிக்கு விதை எங்கே?

ஆசிரியருக்கு,

கடல்பாசி வளர்ப்பு பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். உரம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், நிலம் வேண்டாம், 45 நாளில் அறுவடை என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் விதை எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. கல்லூரியில் பாசியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கச் சேர்க்கிற கராஜீனன், பெரும்பாலும் கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. கரும்புக்குக் கரணை போடுவதுபோல இதையும் துண்டு போட்டுத்தான் கயிற்றில் கட்டுகிறார்கள். பிலிப்பைன்ஸில் 1970களின் தொடக்கத்தில் பண்ணைகள் வந்த நாளிலிருந்து இதே கதைதான்: அறுவடையில் கொஞ்சம் ஒதுக்கி, உடைத்து, மறுபடி கட்டுவது. வெட்டிய துண்டெல்லாம் தாய்ச்செடியின் நகல். ஒன்றுக்கு ஆகாத சூடு எல்லாவற்றுக்கும் ஆகாது. தண்ணீர் சூடானாலோ, மழையில் உப்பு குறைந்தாலோ கிளையில் ஒரு இடம் வெளுக்கும். 'ஐஸ்-ஐஸ்' என்று இதற்குப் பெயர். வெளுத்த இடத்தை விரலால் தொட்டால் போதும், முறிந்துவிடும். அதற்கு அப்பால் நன்றாக இருந்த பகுதியும் அலையோடு போய்விடும். அப்புறம் கயிறுதான் மிச்சம்.

ஜப்பானில் உணவுக்காக வளர்க்கும் நோரி என்ற பாசியின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே விதை கடலிலிருந்து தானாக வந்து வலையில் ஒட்டியது. எங்கிருந்து வருகிறது, கோடையில் பாசி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒட்டினால் விளைச்சல், இல்லாவிட்டால் கடன். 1949-இல் இங்கிலாந்தின் பாசியியலாளர் கேத்லீன் ட்ரூ அதற்கு விடை கண்டார். கிளிஞ்சல் ஓட்டில் இளஞ்சிவப்புக் கறையாகத் தெரியும் ஒன்றை அதுவரை தனிப் பாசி என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். அதுதான் நோரி வகையின் இன்னொரு பருவம் என்று அவர் காட்டினார். என் மாணவர்களுக்கு அந்தக் கறையைக் காட்ட, ஓட்டை நீர்த்த அமிலத்தில் கரைத்து நுண்ணோக்கியில் வைப்பேன். கிளைத்த இழைகள் தெரியும். நோரி இதே பாசிதானா என்று நம்பவே மாட்டார்கள்.

அதன் பிறகு ஜப்பானியர் தொட்டிகளில் ஓடுகளைத் தொங்கவிட்டு இந்த இழையை வளர்க்கத் தொடங்கினார்கள். இலையுதிர் காலத்தில் வித்து வெளிவரும்போது வலையில் படியவைத்துக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானுக்கு ஒருமுறைகூடப் போகாத அந்த அம்மாவுக்கு அங்கே 1963-இல் நினைவுச் சின்னம் வைத்தது சும்மா அல்ல.

கப்பாஃபைகஸுக்கு இப்படியொரு வழி இன்னும் பண்ணை வழக்கமாகவில்லை. திசு வளர்ப்புக் கன்றுகள் சில இடங்களில் வந்திருக்கின்றன. ஆய்வகமும் ஆளும் தேவை. வெளியிலிருந்து புது விதை இறக்கினால் போயிற்று என்பார்கள். ஹவாயில் கனியோஹே விரிகுடாவில் 1970களில் அப்படி இறக்கிய பாசி பவளப்பாறைகள் மேல் படர்ந்தது. பிறகு முக்குளிப்பவர்கள் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். மிச்சத்தைத் தின்ன, பொரிப்பகத்தில் வளர்த்த கடல் முள்ளெலிகளை விட்டார்கள். பாசி வளர்ப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகில் கிடைக்கும் கடல்பாசியில் 95 சதவீதத்துக்கும் மேல் இன்று வளர்த்து எடுப்பதுதான். அறுத்துத் தீர்ப்பதைவிட அது நல்லது.

கடனுக்கும் கயிற்றுக்கும் மிதவைக்கும் திட்டம் போடுகிறவர்கள், பல தாய்ச்செடி வகைகளைத் தனித்தனியாக வைத்துக் காக்கும் விதைப் பண்ணைக்கும் பணம் ஒதுக்க வேண்டும். உங்கள் செய்தியாளர் அடுத்த முறை ஒரு பண்ணைக்குப் போனால் இதைக் கேட்கட்டும்: இந்தக் கயிற்றில் இருக்கும் துண்டு யாரிடமிருந்து வந்தது, இந்தப் பருவம் முழுதும் வெளுத்துப்போனால் அடுத்த துண்டு யாரிடம் கிடைக்கும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்