மெயின் ஆள் வராத அன்று

திருவல்லிக்கேணி
சனிக்கிழமை மதியம்

அன்புள்ள கயல்,

மே மாதம் நான் லண்டன் வந்திருந்தபோது நாம் சேர்ந்து பார்த்த அந்த 'லே மிஸரபிள்' பாட்டு நாடகத்துக்கு மறுபடியும் போய்வந்ததாக நேற்று போனில் சொன்னாய். ஆபீஸ் தோழிகளோடு போனாயாம், இந்தத் தடவை கதாநாயகனாக வழக்கமாக நடிக்கிற மெயின் ஆளே வந்திருந்தாராம். "நாம பார்த்ததெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா, உனக்குத்தான் குடுத்து வைக்கல" என்றாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது, வைத்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகும் நீ சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அன்று வாசலில் நுழைந்ததும் ஒரு அறிவிப்பைப் பார்த்து உன் முகம் சுருங்கியது ஞாபகம் இருக்கிறதா? இன்று இந்த வேடத்தில் இவருக்குப் பதிலாக இவர் என்று போட்டிருந்தது. "சாரிம்மா" என்றாய், சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டவள் மாதிரி. நான் பவுண்டில் இருந்த டிக்கெட் விலையை ரூபாயாக்க நூற்றுப் பத்தால் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருக்கியது தப்புதான், அதன் பிறகு இரண்டு மாடி ஏறும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்து மேடை, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. மணி ஏழரை. கணக்குப் போட்டால் மே மாதத்தில் நம் ஊருக்கு அது சரியாக நள்ளிரவு. நீ பாவம், "தூக்கம் வந்தா சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கு நள்ளிரவு என்றாலே நாடக நேரம்தான். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் பத்து மணிக்கு மேல்தான் ஆர்மோனியக்காரர் வந்து உட்காருவார். விடிகிறவரை நடக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மாடு கறக்க ஆள் வந்திருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் பாதியில் ஒரு பத்து நிமிஷம் தூங்கிவிட்டேன். அந்தத் தொழிற்சாலைப் பெண் வேலை போய் நடுத்தெருவுக்கு வருகிறாளே, அதற்குப் பிறகு கொஞ்சம் தெரியாது. நீ பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கதை எனக்குப் புரியாமல் போய்விடும் என்று நீ ரயிலில் வரும்போதே விளக்க ஆரம்பித்தாய். ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போனவன், வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கி கொடுத்த பாதிரியார் என்று. அடியே, அது விக்தர் ஹியூகோ கதை. சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று எழுதி, 1950-ல் அதே பேரில் படமாகவும் வந்து, நாகையா அழுது ஊரையே அழவைத்த கதை. விடாமல் துரத்துகிற அந்த இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பேர் நின்றுவிட்டது. உன் தாத்தா சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் பேர் நாக்கிலேயே இருக்கும். அதனால்தான் இன்ஸ்பெக்டர் மேடைக்கு வந்ததும் நான் என்னை மறந்து "ஜாவர் சீதாராமன்!" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். நீ என் முழங்கையை அழுத்தினாய்.

இன்னொன்று. அது பிரெஞ்சுப் புரட்சி என்று நீ சொன்னது தப்பு. பிரெஞ்சுப் புரட்சி 1789. இந்தப் பையன்கள் நாற்காலி மேஜையெல்லாம் குவித்துத் தடுப்பு கட்டுவது 1832 ஜூன் மாதம் பாரிஸில் நடந்த ஒரு கிளர்ச்சி, இரண்டே நாளில் நசுக்கிவிட்டார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அப்பாதான் தேடிப் படித்துவிட்டுச் சொன்னார்.

சரி, அந்தப் பக்கத்து சீட்டு அம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். எழுபது வயது இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் வராது. இடைவேளையில் நீ ஐஸ்கிரீம் வாங்கப் போனபோது என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் பார்ப்பது பதினோராவது தடவையாம். நம் சபாவாக இருந்தால் இதற்குள் பிள்ளைகள் எத்தனை, மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டு முடித்திருப்போம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "முதல் தடவையா?" ஆமாம் என்றதும் ஏதோ நான் லாட்டரியில் ஜெயித்ததுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் ஒரு இடம். தடுப்புக்குப் பக்கத்தில் பையன்களெல்லாம் தூங்குகிறார்கள். அதற்குச் சற்று முன்னாலேயே இந்த அம்மாள் பையைத் திறந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, மடியில் தயாராக வைத்துக்கொண்டார். மேடையில் இன்னும் ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அரிச்சந்திர நாடகம் போட்டால் மயான காண்டம் வருவதற்கு முன்னாலேயே பெண்களெல்லாம் முந்தானையை இழுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். லோகிதாசனைப் பாம்பு கடிக்கும் என்று தெரியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் கிடையாது.

அப்புறம் ரொட்டி திருடிய அந்த ஆள், இப்போது கிழவர், பாட ஆரம்பித்தார். என் இங்கிலீஷ் டெலிபோன் ஆபீஸ் இங்கிலீஷ், பாட்டாக வந்தால் நாலில் ஒரு சொல்தான் பிடிபடும். இந்தப் பாட்டில் ஹோம் என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. தூங்குகிற அந்த ஒரு பையனை மட்டும் எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு சாமி, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று கேட்கிறார். அதைக் கத்திக் கேட்கவில்லை. குரலை மேலே கொண்டுபோய், அங்கே வைத்து மெலிதாக்குகிறார். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு இருமல் இல்லை. நம் ஊராக இருந்தால் ஒரு போனாவது அடித்திருக்கும்.

அந்த அம்மாள் தன் சின்ன பைனாகுலரை என் பக்கம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். உனக்கு மேலேயிருந்து அது தெரிந்திருக்காது கயல். அவருடைய வலது கை கட்டைவிரல் கால்சட்டைத் தையலை உரசிக்கொண்டே இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போவதற்கு முன்னால் நின்றது. ஸ்வரம் சரியாக விழுந்ததும் மறுபடி உரச ஆரம்பித்தது. ஒட்டுத் தாடிக்கு மேலே பார்த்தால் முப்பது வயதுகூட இருக்காது.

கைதட்டல் ஓய்ந்ததும் அந்த அம்மாள் என் காதோரம் சொன்னார். இந்தப் பையனை இரண்டு வருஷமாகப் பின்வரிசையில் பார்த்திருக்கிறாராம், கைதியாக, குடிகாரனாக, கும்பலில் ஒருவனாக. பெரிய வேடத்தில் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறாராம். தினமும் கூட்டத்தில் ஒருவனாக நின்றுகொண்டே இந்த வேடத்தையும் மனப்பாடமாக வைத்திருந்து, மெயின் ஆளுக்குக் காய்ச்சல் வருகிற நாளுக்காகக் காத்திருப்பது. என்ன வேலைடி அது!

முடிந்து எல்லாரும் வரிசையாக வந்து வணங்கினார்களே, அப்போது நீ கடைசி ரயிலுக்கு நேரமாகிறதென்று குனிந்து கோட்டைத் தேடிக்கொண்டிருந்தாய். கூட நடித்தவர்கள் அவனைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். வந்து நின்றான். வணங்க மறந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஜாவர் சீதாராமன் வந்து தோளைத் தட்டி நிமிர்த்தினார். கூடம் முழுக்க எழுந்து நின்றது. அவன் அம்மா எங்காவது உட்கார்ந்திருக்கிறாளா என்று நான் கீழே வரிசை வரிசையாகத் தேடினேன். எழுதும்போது எனக்கே அசட்டுத்தனமாக இருக்கிறது. ஆனால் தேடினேன். நீ "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டபோது "நல்லா இருந்தது" என்றேன். ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் வேறென்ன சொல்ல?

எங்கள் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் மெயின் ஆள் என்று ஒருவர் நிரந்தரமாகக் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள், ஒத்திகை கிடையாது, அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். யார் வந்தாலும் வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணித்தான் ஆக வேண்டும். போன வருஷத்து வள்ளியைவிட இந்த வருஷம் வந்தவள் தேவலையா என்று மறுநாள் குளத்தங்கரையில் பேசித் தீர்ப்போம். அதனால் மெயின் ஆள் இல்லை என்று நீ சோர்ந்துபோனது எனக்கு அப்போது புரியவே இல்லை.

லண்டனில் அது 1985 அக்டோபரில் ஆரம்பித்த நாடகம் என்று நீ வாங்கித் தந்த புத்தகத்தில் பார்த்தேன். உனக்கு இரண்டு வயது மூத்தது. ஆரம்பத்தில் பத்திரிகைக்காரர்கள் பலர் திட்டித்தான் எழுதினார்களாம், ஜனங்கள் அதைக் கேட்காமல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்களாம். இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நாற்பது வருஷம் என்ன பெரிசு? சங்கரதாஸ் சுவாமிகள் 1922-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்னும் ஓடுகிறது" என்றார். மேடை டிரிக் சீன்களுக்குப் பேர்போன ஆர்.எஸ்.மனோகர் நாடகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் அல்லவா, அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "டிரிக் சீன் உண்டா?" இன்ஸ்பெக்டர் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிற இடத்தை, ஒளியிலும் படத்திலும் தண்ணீர் சுழல்வதை, கையையெல்லாம் ஆட்டிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ராவணனுக்கு மனோகர் மாதிரி, இந்தக் கதையில் எனக்கு ஜாவர்தான்" என்றார். பார்க்காத நாடகத்துக்கு இவ்வளவு அபிப்பிராயம்.

மே மாதம் நான் கிளம்பும்போது முழங்கால் வலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று எத்தனை சாக்கு சொன்னார். நேற்று உன் போனுக்குப் பிறகு அந்தப் பழைய படத்தை யூடியூபில் தேடி எடுத்துப் பாதி ராத்திரிவரை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பீரோவை உருட்டும் சத்தம் கேட்டது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் எல்ஐசி ரசீது என்கிறார். கையில் இருந்தது பாஸ்போர்ட். அது 2019-லேயே காலாவதி ஆகிவிட்டது. புதுப்பிக்க பாஸ்போர்ட் ஆபீஸ் போக வேண்டும், திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நீ ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. டிக்கெட் போடும்போது மட்டும் படி ஏறாத இடமாகப் பார். மெயின் ஆள் அன்றைக்கு வருவாரா மாட்டாரா என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா