மல்லார்டின் நடு பேரிங்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நீராவி ரயில் எஞ்சின் வடிவமைப்பாளர் சர் நைஜல் கிரெஸ்லி பற்றிய உங்கள் கட்டுரையில், 1938 ஜூலை 3 அன்று ‘மல்லார்ட்’ ரயில் எஞ்சின் மணிக்கு 126 மைல் ஓடியதும் அதன் பேரிங் சூடேறிப்போனதை ‘துரதிர்ஷ்டம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மூன்று சிலிண்டர் எஞ்சின்களுக்கு அது பழகிய நோய்.

இவற்றில் வெளிப்பக்கச் சிலிண்டர்கள் இரண்டுக்கும்தான் வால்வு கியர் (நீராவியை உள்ளே விடும் வால்வை அசைக்கும் அமைப்பு) உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குகள் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருப்பதால், வெளி வால்வுகள் நகரும் தூரங்களைக் கூட்டித் திசையை மாற்றினால் நடு வால்வின் அசைவு கிடைத்துவிடும். அந்தக் கூட்டலைச் செய்வது ஒரு 2:1 லிவரும், அதன் குட்டைக் கையில் மாட்டிய சமக்கை லிவரும். ஒரு கியர் மிச்சம், அழகான ஏற்பாடுதான். ஆனால் லிவர் மூட்டுகளில் இருக்கும் பின்கள், அவற்றைச் சுற்றிய புஷ் வளையங்கள் ஆகியவற்றின் தேய்மானமும் அதே மாதிரி கூடிக் கூடி நடு வால்வில் போய்ச் சேரும். போதாததற்கு லிவர்கள் இருப்பது, பாய்லரின் முன்முனையில் புகையும் சாம்பலும் சேரும் ஸ்மோக்பாக்ஸுக்கு அடியில். சாம்பல் வாரும்போதெல்லாம் அவற்றின் மேல் கொட்டும். வேகம் ஏறினால் லிவர்கள் வளைந்து கொடுக்கும். நடு வால்வு அளவுக்கு மேல் நகர்ந்து, அந்தச் சிலிண்டருக்குள் நீராவி கூடுதலாகப் போகும். அடி வாங்குவது நடு பிக் எண்ட், அதாவது நடு சிலிண்டரின் தண்டு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்.

அந்த பிக் எண்டுக்குள் சோம்பு வாசனைக் குப்பி ஒன்று வைத்திருந்தார்கள். பேரிங் சூடேறினால் மணம் டிரைவர் மூக்குக்கு எட்டும். எதிர்பாராத துரதிர்ஷ்டத்துக்கு யாராவது முன்கூட்டியே குப்பி வைப்பார்களா?

கிரெஸ்லி 1941இல் காலமானார். 1951இல், கிரெஸ்லி எஞ்சின்களின் பட்டறை இருந்த டான்காஸ்டருக்கு வந்த கே. ஜே. குக், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஸ்விண்டன் பட்டறையில் பழகியவர். லிவர்களை அவர் மாற்றவில்லை. ஒளிக்கருவி வைத்து ஃபிரேமையும் சக்கர அச்சைத் தாங்கும் ஆக்ஸில்பாக்ஸையும் நேர்பார்த்துப் பொருத்தினார், நடு பிக் எண்டை ஸ்விண்டன் பாணியில் செய்தார். தொல்லை வெகுவாக அடங்கியது.

ஸ்விண்டனிடம் பாடம் கேட்டது அதற்கு முன்பும் உண்டு. கட்டுரை இதைத் தொடவே இல்லை. 1925இல் கிரேட் வெஸ்டர்னின் ‘பென்டென்னிஸ் காசில்’ எஞ்சின் லண்டன் கிங்ஸ் கிராஸ் தடத்தில் கிரெஸ்லியின் பசிபிக் வகை எஞ்சின்களோடு போட்டிக்கு ஓடி, அவற்றைவிடக் குறைவாகக் கரி தின்றது. பாய்லர் அழுத்தம் அதில் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு, கிரெஸ்லியின் எஞ்சின்களில் 180. அதைவிட முக்கியம் வால்வு நகரும் தூரம். கிரெஸ்லியின் எஞ்சின்களில் போல அது குட்டையாக இருந்தால், பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்ததுமே நீராவியை அடைத்து ஓட்டும்போது, நீராவி நுழையும் துளையான போர்ட் போதிய அளவு திறக்காது. டிரைவர் நீராவியைத் தாராளமாக விட்டே ஓட்ட வேண்டியிருக்கும். அந்த எஞ்சின்களில் வால்வு ஓட்டத்தை நீட்டியதும் மைலுக்குச் சுமார் 50 பவுண்டு எரிந்த கரி 40க்குள் இறங்கியது.

இன்னொரு சின்னத் திருத்தம்: கிரெஸ்லி முதலில் தொழில் பழகியது க்ரூ ரயில் பட்டறையில். ஹார்விச் பட்டறை அதற்குப் பிறகு. படக்குறிப்பில் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

– வாசகர், பொன்மலை