கேள்வியை அக்காவிடம் கேளுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பிரதேச செயலகங்களில் பணியாற்றும் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வளர்ந்த பிறகு இரவில் தடுமாறத் தொடங்கினார். பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, இப்போது வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. அஷர் நோய் என்றார்கள், பரம்பரையாக வருவது. உதவிப் பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப் போனால், கேள்விகள் எல்லாம் என்னை நோக்கியே வருகின்றன. "இவருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறதா?" இருக்கிறது. அதன் இலக்கம் அவருக்கு மனப்பாடம், எனக்குத்தான் தெரியாது.

அவரிடமே கேட்க ஓர் அட்டை போதும். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், பத்து இலக்கங்கள். 247 எழுத்தும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தடித்த பசையாலோ நூலாலோ மேலெழும்பச் செய்து, அதன் கீழே பிரெயில் புள்ளிகளை இடுங்கள். அக்காவைப் போலப் பள்ளியில் எழுத்துப் படித்துப் பிறகு பார்வை இழந்தவர் வடிவத்தைத் தடவி அறிவார். பிரெயில் கற்றவர் புள்ளியைத் தடவி அறிவார். நீங்கள் அவர் விரலைப் பிடித்து எழுத்தெழுத்தாக வைத்துக் கேட்கலாம். அவர் தாமே தொட்டுக் காட்டும் பதிலை நீங்கள் கண்ணால் வாசிக்கலாம். பிரெயில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் புள்ளிகளைச் சரிபார்த்தால் சரி. இலட்சக்கணக்கில் விலையுள்ள இலத்திரனியல் கருவி ஒன்று வந்து, கையளிப்புப் படம் எடுக்கப்பட்டு, அலுமாரிக்குள் பூட்டப்படுவதை நான் கேட்கவில்லை.

அட்டை இல்லாத இடத்தில் உள்ளங்கை இருக்கிறது. முதலில் தோளை மெல்லத் தொட்டு வந்திருப்பதை அறிவியுங்கள். பிறகு சுட்டுவிரலால் பெரிதாக, ஒரே இடத்தில் எழுத்தின்மேல் எழுத்தாக எழுதுங்கள். சொல் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள். பிழைத்தால் கையைத் தடவி அழியுங்கள். 'கொ', 'கோ' என்று எழுதும்போது கொம்பு முன்னே வந்து குழப்பும். ஆகவே நாங்கள் 'க்' எழுதிவிட்டு 'ஒ' அல்லது 'ஓ' எழுதுகிறோம். தமிழ்ப் பிரெயிலிலும் மெய்தான் முந்தி வரும்.

காதும் கேளாமல் கண்ணும் தெரியாமல், எழுத்தே கற்காத பிள்ளைகளுக்கு இவை உதவா. அவர்களுக்குப் பொருள்களே சொற்கள்: சாப்பாட்டுக்கு முன் கரண்டி, குளிப்புக்கு முன் துவாய், எப்போதும் அதே பொருள் கையில் கொடுக்கப்பட வேண்டும். இதை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க, வீடுகளுக்குப் போய்வரும் உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 எங்கள் கரையோரத்தில் யாருக்கும் மறக்காது. எச்சரிக்கை ஒலி அக்காவுக்குக் கேட்காது, மின்னும் விளக்கு எதற்கென்றும் பிரித்தறிய முடியாது. அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் முதுகில் விரலால் பெரிய பெருக்கல் குறி இட்டால், 'ஆபத்து, விளக்கம் பிறகு, உடனே என்னோடு வா' என்று பொருள். அனர்த்த ஒத்திகைகளில் இதையும் கற்பியுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவைத்தால்தான் பயன். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கடல் வரலாம்.

தொடுகைவழித் தொடர்பாடலையும் தொடர்பாடல் முறைகளில் ஒன்றாக ஏற்கும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. ஆகவே நான் சலுகை கேட்கவில்லை.

அட்டை செய்ய முன்வருவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். அவை இல்லாமல் காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் பாதிப் பேரின் பெயரைக்கூட எழுத முடியாது.

இப்படிக்கு,
ஒரு தங்கை, கல்முனை