விலாங்கு விலை ஒப்பீட்டில் விடுபடுபவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விலாங்கு மீனின் விலையை நாடுவாரியாக ஒப்பிடும் வணிகச் செய்திகளில், வளர்ந்த மீனின் விலையும் பண்ணைக்காகப் பிடிக்கப்படும் குஞ்சின் விலையும் ஒன்றாகக் கலந்துவிடுவது எனக்குக் கவலை தருகிறது. விலாங்குக் குஞ்சைப் பொரிப்பகத்தில் சந்தைக்குப் போதுமான அளவில் உற்பத்தி செய்ய இன்னும் இயலாததால், பண்ணை விலாங்கும் கடலிலிருந்து முகத்துவாரத்துக்கு வந்து வலையில் சிக்கிய குஞ்சுதான். ஒரு கிலோவில் சில ஆயிரம் எண்ணிக்கை இருக்கும், கண்ணாடிபோல் ஒளிபுகும் அந்தக் குஞ்சின் விலையே சந்தையின் போக்கைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2010இல் ஒரு பவுண்டு குஞ்சு சுமார் 185 டாலருக்கு விற்றது. 2012இல் அது 1,800 டாலரைத் தாண்டியது. 2010 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் தன் விலாங்கு ஏற்றுமதியை நிறுத்தியதும், கிழக்காசியக் கரைகளில் குஞ்சு வரத்து குறைந்ததும் அப்பகுதிப் பண்ணைகளை மெய்ன் பக்கம் திருப்பியதே இதற்குக் காரணம். பெருந்தொற்று பரவிய 2020இல் அதே குஞ்சின் விலை ஏறத்தாழ 525 டாலருக்குச் சரிந்தது.

2018இல் மெய்னில் பவுண்டுக்குச் சுமார் 2,366 டாலர் என்றும், ஜப்பானில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 லட்சம் யென் என்றும் இருந்த விலைகளை ஒரே அளவுக்கும் நாணயத்துக்கும் மாற்றினால், ஜப்பான் விலை ஐந்து மடங்கு வருகிறது. இரண்டும் வெவ்வேறு இனம் என்பதோடு காலமும் இதில் முக்கியம். ஜூலை மாதப் பிற்பகுதியில் ஜப்பானியர் விலாங்கு உண்ணும் நாளுக்குள் மீன் வளர்ந்திருக்க வேண்டுமானால், குஞ்சு குளிர்காலத்திலேயே குளத்துக்கு வந்தாக வேண்டும். மெய்னிலோ மீன்பிடிப்பு மார்ச் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. முந்தி வந்த குஞ்சுக்குக் கூடுதல் விலை கிடைப்பது அதனால்தான்.

அதிகாரப்பூர்வ விலையில் கள்ளச் சந்தை இடம்பெறுவதுமில்லை. ஐரோப்பிய விலாங்கு இன்றும் ஆசியாவுக்குக் கடத்தப்படுகிறது; கனடா, திருட்டு மீன்பிடிப்பும் வன்முறையும் மிகுந்ததால், 2024 பருவம் முழுவதும் இந்த மீன்பிடிப்பையே மூடியது. ஐரோப்பிய இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாகவும், ஜப்பானிய, அமெரிக்க இனங்கள் ஆபத்தில் இருப்பதாகவும் அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களைக் காட்டும் பன்னாட்டுச் செம்பட்டியல் குறித்திருக்கும்போது, விலையேற்றத்தை வளர்ச்சி என்று எழுதுவது பொருந்தாது.

ஆகவே, இனி விலாங்கு விலையை வெளியிடும்போது இனம், மீனின் பருவம், விற்ற மாதம், அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட பிடிப்பளவு ஆகியவற்றையும் அதன் அருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்