டெனோஃபோவிர் சாப்பிடும் அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். டெனோஃபோவிர் மாத்திரையால் ஹெபடைடிஸ் பி வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் 1.2-க்கு எதிரே 'நார்மல்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு வயது 58, எடை 54 கிலோ. 140-இல் வயதைக் கழித்து எடையால் பெருக்குங்கள். அதை, 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வருகிற எண்ணால் வகுங்கள். 51 வரும். இதுதான் கிரியாட்டினின் கிளியரன்ஸ், சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. (பெண்களுக்கு இதை மேலும் 0.85-ஆல் பெருக்க வேண்டும்.) அது 50-க்குக் கீழே போனால், நீங்கள் சாப்பிடும் டெனோஃபோவிர் டிசோப்ராக்சில் 300 மி.கி.யைத் தினமும் போடக் கூடாது. 48 மணி நேரத்துக்கு ஒன்றுதான். கிரியாட்டினின் 1.3 ஆனாலே உங்கள் கணக்கு 47. பல லேப்களில் அந்த 1.3-உம் நார்மல்தான்!

இன்னொன்று, இதைவிட முக்கியம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. நுண்குழாய்களின் முதல் பகுதியில் உள்ள செல்கள் அதை ரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுகின்றன. சிலருக்கு அது செல்லுக்குள்ளேயே தேங்கி, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. பாஸ்பேட்டையும் குளுக்கோஸையும் உடம்புக்கு மீட்டுத் தருவது அதே செல்கள்தான். அவை பழுதானால் இரண்டும் சிறுநீரில் ஒழுகிவிடும். கிரியாட்டினின் காட்டுவது வடிகட்டியின் நிலையை. குழாய் கெட்ட பிறகும் அது கொஞ்ச காலம் அசையாமல் இருக்கும்.

அதனால் ரத்தத்தில் பாஸ்பரஸும், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்பரஸ் 2.5-க்குக் கீழே இறங்கினால் கவனம் தேவை. ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தால் குழாய்மேல்தான் சந்தேகம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மாத்திரையே சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும். பாஸ்பேட் நெடுநாள் ஒழுகினால் எலும்பு மெலியும். இடுப்பு, விலா, பாதம் வலிக்கும். அதை வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போடுவார்கள், அது இன்னும் கேடு. மூட்டுவலிக்கு நீங்களாகக் கடையில் எதுவும் வாங்காதீர்கள், அண்ணாச்சி.

பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பி ஈரல் அழற்சி கடுமையாகலாம். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதில்லை, மாற்றுவதுதான் வழி. இதே மருந்தின் இன்னொரு வடிவமான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25 மி.கி. எடுத்தால் ரத்தத்தில் சுற்றும் டெனோஃபோவிர் ஏறக்குறைய 90 சதவீதம் குறைவு. கிரியாட்டினின் கிளியரன்ஸ் 15 வரை அளவைக் குறைக்க வேண்டியதில்லை. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு ஆகாது. என்டெகாவிர் என்ற வேறு மருந்து இன்னொரு வழி. அதை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விட்டுப் போட வேண்டும். கிளியரன்ஸ் 50-க்குக் கீழே போனால் அதன் அளவையும் குறைக்க வேண்டும். முன்பு லாமிவுடின் என்ற பழைய ஹெபடைடிஸ் பி மருந்தைச் சாப்பிட்டு அது பலிக்காமல் போனவர்களுக்கு என்டெகாவிரும் கைவிடக்கூடும். உங்கள் பழைய மருந்துச் சீட்டுகளில் லாமிவுடின் இருக்கிறதா என்று தேடி, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கக் காலையில் வெறும் வயிற்றில் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் பாஸ்பரஸ் அளவு மாறிவிடும்.

அன்புடன்,
தம்பி