இரண்டு இஷிகாமிகள்: டோக்கியோவிலிருந்து சித்தப்பாவுக்கு

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கு நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். நான் அனுப்பிய, ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ என்ற கொலைப்புதிர் நாவலைப் படித்து முடித்துவிட்டதாகவும், அதை வைத்து 2008இல் வந்த ஜப்பானியப் படம் நாவலுக்கு ஈடாகுமா என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஆங்கில வசன வரிகளோடு படத்தைப் பார்த்துவிட்டேன். முடிச்சு உங்களுக்குத் தெரியும் என்பதால் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். சித்தி நாவலை முடிக்கும்வரை இக்கடிதம் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குடியிருக்கும் எதோகாவா வார்டின் ஓரத்தில் ஓடும் பழைய எதோகாவா ஆற்றின் கரையில்தான் கதையின் பிணம் கிடைக்கிறது. அருகில் கிடக்கும் மிதிவண்டி திருடப்பட்டது ஷினோசாக்கி நிலையத்தில். இந்தியர்கள் நிறைய வசிக்கும் பகுதி என்பதால் பருப்புக்கும் புளிக்கும் எங்களுக்குக் குறைவில்லை. கொலைக்கருவி பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்குள்ள பழைய வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. அடியில் மின்சூடேற்றி பொருத்திய தாழ்வான மேசையின் மேல் தடித்த போர்வையை விரித்து, அதற்குள் காலை நீட்டிக்கொண்டு குடும்பமே குளிர்காலத்தைக் கழிக்கும். கொதட்சு என்னும் அந்த மேசையின் மின்கம்பியால்தான் கதையின் நாயகி யாசுகோ தன் முன்னாள் கணவனின் கழுத்தை இறுக்குகிறாள். எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கியிருக்கிறோம் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நாவல், யாசுகோவின் பக்கத்து வீட்டில் வசித்து, அவளைக் காப்பாற்ற முனையும் கணித ஆசிரியர் இஷிகாமி காலையில் வேலைக்கு நடந்து போவதில் தொடங்குகிறது. சுமிதா ஆற்றங்கரையில் நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்புகளால் குடிசை போட்டுக்கொண்ட வீடற்றவர்கள், காலி டப்பாக்களை நசுக்கும் மனிதர், அந்த வாழ்க்கைக்கு இன்னும் பழகாததால் இஷிகாமி மனதுக்குள் ‘பொறியாளர்’ என்று பெயரிட்டிருக்கும் புதியவர் ஆகிய எல்லோரும் அந்தச் சில பக்கங்களில் வந்துவிடுகிறார்கள். ஊரின் சூழலைச் சொல்வதற்காக எழுதப்பட்ட பத்தி என்று நாமும் கடந்துபோகிறோம். கரையில் கிடந்த பிணம் உண்மையில் யாருடையது (முன்னாள் கணவனுடையதல்ல, இந்தப் ‘பொறியாளருடையது’) என்ற கேள்விக்கான விடையை முதல் அத்தியாயத்திலேயே கையில் கொடுத்துவிட்டு, அதை நாம் பார்க்க மாட்டோம் என்று ஆசிரியர் துணிந்து நம்புகிறார். அந்தக் கரையில் நானும் நடந்திருக்கிறேன். நீலக் குடிசைகள் இப்போது மிகவும் குறைந்துவிட்டன.

ஹிரோஷி நிஷிதானி இயக்கிய படத்திலும் அந்தக் காலை நடைக் காட்சி இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒரு மனிதரை வாக்கியத்தின் நடுவே மறைத்துவிட முடிகிறது. கேமராவின் முன் வந்தவருக்கு முகம் வந்துவிடுகிறது, முகம் வந்தால் பார்ப்பவருக்கு ஐயமும் வந்துவிடுகிறது. இந்த இடத்தில் படம் நாவலுக்குத் தோற்றதாகவே நான் நினைக்கிறேன். 2007இல் தொலைக்காட்சித் தொடராக வெற்றிபெற்ற பாத்திரங்களைத் திரைக்குக் கொண்டுவந்ததால், புதிரை அவிழ்க்கும் இயற்பியலாளரும் இஷிகாமியின் பழைய நண்பருமான யுகாவாவாக நடிக்கும் மசஹாரு ஃபுகுயாமாவுக்காக ஒரு வெடிவிபத்தும் பிரம்மாண்டமான சோதனையும் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. நாவலில் இல்லாத உட்சுமி என்ற பெண் துப்பறிவாளரும் அந்தத் தொடரிலிருந்து வந்தவரே. பனிமலை ஏறும் காட்சியும் புதிது. அதில் யுகாவாவின் உயிர் இஷிகாமியின் கையில் இருக்கிறது. நாவலில் இரு நண்பர்களும் பேசாமல் விட்டதையெல்லாம் படம் மலையேற்றிக் காட்டுகிறது. எனக்கு அது மிகையாகத் தோன்றியது.

ஆயினும் ஷினிச்சி ட்சுட்சுமியின் நடிப்புக்காக எதையும் மன்னிக்கலாம். நாவலின் இஷிகாமி குட்டையான, வட்டமுகத்து, முடி உதிர்ந்த மனிதர். நண்பன் யுகாவாவின் அடர்ந்த முடியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும்போதுதான், தன் தோற்றத்தைப் பற்றிக் கவலையே படாத இவன் காதலிக்கிறான் என்று யுகாவா கண்டுகொள்கிறார். ட்சுட்சுமியோ இயல்பில் அழகர். கூன் விழுந்த தோளும் தரையை விட்டு எழாத பார்வையுமாக அந்த அழகைத் துடைத்தெறிந்துவிட்டு, பெந்தோ கடையில் யாசுகோவிடம் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் சில நொடிகளில், நாவல் பல பக்கங்களில் சொல்வதை அவர் சொல்லிவிடுகிறார். இறுதியில் அவர் கதறும்போது, நாவலைப் படித்தபோது வராத கண்ணீர் எனக்கு வந்தது. புதிரில் நாவலும் மனிதரில் படமும் ஒரு படி மேல் என்பது என் கணக்கு.

இதே நாவலைத் தழுவி 2019இல் வந்த நம் ‘கொலைகாரன்’ உங்களுக்குப் பிடித்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். விஜய் ஆண்டனியும் அர்ஜுனும் மோதும்போது விறுவிறுப்புக்குக் குறைவில்லைதான். ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கணித ஆசிரியரை நாயகனின் இடத்தில் வைக்க நம் படம் துணியவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. கதையைக் கலிம்போங்குக்குக் கொண்டுபோன இந்திப் படமான ‘ஜானே ஜான்’ 2023இல் வந்தது. அதில் ஆசிரியரை ஆசிரியராகவே விட்டிருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
முரளி