எங்கள் அஞ்சல்களை எடுத்துச்செல்ல வழிவிடுங்கள்

எங்கள் மின்னஞ்சல் சேவையை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எங்கள் அலுவலகத்தின் 42 அஞ்சல் பெட்டிகளையும் வேறு சர்வருக்கு மாற்றப்போவதை நீங்கள் அறிவீர்கள். நிர்வாகிப் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஏற்றுமதிப் பொத்தானை அழுத்திக் காத்திருக்கும் வழி மட்டுமே இருப்பதால், சர்வரிலுள்ள அஞ்சல்களைப் படிக்கும் ஐமேப் நெறிமுறை வழியாக அவற்றை இறக்கி, பல அஞ்சல்களை ஒன்றாக அடுக்கிவைக்கும் எம்பாக்ஸ் கோப்புகளாகச் சேமிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்றை எழுதினேன்.

அதை இரவில் ஓடவிட்டால், சில மணி நேரத்தில் உங்கள் சர்வர் காரணம் சொல்லாமல் இணைப்பைத் துண்டிக்கிறது. எந்த அளவை மீறினோம், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அதையும் ஏற்று, ஒவ்வொரு அஞ்சலுக்கும் சர்வர் தரும் யூஐடி எண்ணில் கடைசியாக எடுத்த அஞ்சலுக்குரியதைக் குறித்துவைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடரும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினேன். நான்காம் நாள் காலையில் பார்த்தபோது எல்லாக் கோப்புறைகளிலும், அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யூஐடிவேலிடிட்டி மதிப்பு மாறியிருந்தது. அது மாறினால் முன்பு குறித்த எண்கள் எவையும் செல்லாது என்று ஐமேப் விதிகளை வகுத்து 2003இல் வெளியான ஆர்எஃப்சி 3501 ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று இரவுகளில் இறக்கிய அறுபதாயிரம் அஞ்சல்களையும், அஞ்சலுக்குள்ளேயே பதிந்திருக்கும் தனி அடையாளமான மெசேஜ்-ஐடியைக் கொண்டு மறுபடி ஒப்பிட்டேன். அந்த ஐடியே இல்லாத வரைவுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பிரித்தேன். அவற்றுள் பணியிலிருக்கும்போதே மறைந்த சக ஊழியர் ஒருவரின் வரைவுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று விடுபட்டாலும் மறுபடி எழுதித் தர அவர் இல்லை.

இதை முறையிட்டபோது, ஸ்கிரிப்டுகளுக்கு ஆதரவு கிடையாது என்று உங்கள் உதவி மையம் பதில் அனுப்பியது. நாங்கள் உங்களிடம் சேர்ந்த நாளில், பழைய சர்வரிலிருந்த பெட்டிகள் அனைத்தையும் உங்கள் கருவிதான் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டது. உள்ளே வர அத்தனை வசதி செய்தவர்கள், வெளியே போகும்போது மட்டும் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிச் சுமக்கச் சொல்வது நியாயமா? வாடகை வீட்டைக் காலி செய்பவரின் சாமான்களை யாரும் பிடித்து வைப்பதில்லை.

நிர்வாகி ஒருவர் எல்லாப் பெட்டிகளையும் ஸ்கிரிப்ட் வழியாக ஏற்றுமதி செய்யவும், நின்ற இடத்திலிருந்து தொடரவும் முறையான ஏபிஐ (நிரல்கள் உங்கள் சேவையுடன் நேரடியாகப் பேசும் இடைமுகம்) ஒன்றைத் தாருங்கள். அது தயாராகும்வரை, இணைப்பைத் துண்டிக்கும்போது காத்திருக்க வேண்டிய நேரத்தையாவது தெரிவியுங்கள்.

ஒப்பந்தம் முடிந்த 30 நாளில் பெட்டிகள் அழிக்கப்படும் என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. 42 பெட்டிகளும் முழுமையாக வந்து சேர்ந்தன என்று நாங்கள் எழுத்தில் உறுதி செய்யும்வரை அழிப்பை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அஞ்சல் நிர்வாகி